கிளப் பார்ட்டியும் கிரீன் பராமரிப்பும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஒன்பதாம்குழி

எந்த கிளப் என்று சொல்லப் போவதில்லை. சென்னையில் கோல்ஃப் ஆடுகிற இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், புரிகிறவர்களுக்குப் புரியும்.

டிசம்பர் கடைசியில் ஃபேமிலி நைட். லானில் பஃபே, ஹவுசி என்கிற நம்பர் விளையாட்டு, ஒரு லைட் மியூசிக் குழு, வழக்கம்போலத்தான். பத்து மணிக்கு மேல் யாருக்கோ ஞானோதயம்: லேடீஸுக்கு ஒரு பட்டிங் போட்டி, அதாவது பந்தை மெல்லத் தட்டிக் குழியில் போடுகிற போட்டி வைப்போம், ஜெயித்தால் ஹாம்பர். பிராக்டிஸ் கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, விளக்குப் போட்டாயிற்று. மழை விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, மண் இன்னும் இளகித்தான் கிடந்தது. "செருப்பைக் கழற்றிவிட்டு வாங்க" என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் பென்சில் ஹீல்ஸ்.

புல்லைப் பார்த்துக்கொள்கிற ஹெட் மாலி கயிற்றுக்கு வெளியே காக்கிச் சட்டையோடு நின்றிருந்தார். வாயே திறக்கவில்லை. ஒவ்வொருவர் ஆடி முடித்ததும் உள்ளே போய் மண்டியிட்டு, ஹீல் பதிந்த ஓட்டைகளைச் சின்ன முள்ளால் நெம்பி, கட்டைவிரலால் அழுத்தி மூடினார். பந்து பொறுக்க வந்தவர் என்று நினைத்து ஒரு அம்மா பந்து தட்டுகிற மட்டையை, தன் பட்டரை, அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டே அடுத்த ஓட்டைக்குப் போனார் மனிதர். கமிட்டி ஆள் ஒருவர் மைக்கில், "நம்ம மாலிக்கு ஒரு பெரிய கைதட்டல்!" என்றார். எல்லோரும் தட்டினார்கள்.

ஜனவரியில் அதே கமிட்டி ஆள், "கிரீன் ஏன் இப்படிக் குண்டும் குழியுமா இருக்கு?" என்று அவரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிங்கிள்_ஹாண்டிகேப்

ஹீல் ஓட்டைக்கா இவ்வளவு வருத்தம்? வருஷா வருஷம் அவர்களே மெஷினைக் கொண்டுவந்து கிரீன் முழுக்க ஆயிரக்கணக்கில் ஓட்டை போடுகிறார்களே, அதை யார் கேட்பது?

என் கதை இதுதான். பெங்களூரிலிருந்து மாமனார் வழிச் சொந்தம் ஒருவர் வந்திருந்தார், நன்றாக ஆடுகிறவர். கெஸ்ட் டே என்று நோட்டீஸ் பார்த்து அழைத்துப் போனேன். ஜூலை மாதம். முதல் கிரீனில் ஏறியதும் ஷூவெல்லாம் மணல். ஓட்டை போட்டு மணலைக் கொட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்ததாம். அவர் குனிந்து விரலால் வழித்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, பெசன்ட் நகர் பீச்சுன்னு முதல்லயே சொல்லியிருந்தா வேட்டி கட்டிட்டு வந்திருப்பேனே" என்றார். பை தூக்கி வந்த கேடி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கெஸ்ட் ஃபீஸ் முழுசாகக் கட்டியவன் நான்.

டிவியில் அமெரிக்காவின் அகஸ்டா கோல்ஃப் கிளப்பைப் பாருங்கள், ஒரு புல் பிசகி நிற்குமா?

மண்வெட்டி

சிங்கிள் சார், அகஸ்டாவைப் பற்றிப் பேசினீர்கள், நல்லது. அந்த கிளப் கோடை முழுக்க மூடிக்கிடக்கும், தெரியுமா? மே கடைசி வாக்கில் மூடினால் அக்டோபரில்தான் திறப்பார்கள். இங்கே ஒரு வாரம் மூடுகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டினால் உங்களைப் போல நாலு பேர் செக்ரட்டரி ரூமில் நிற்பார்கள். அதுவும் போக, அங்கே கிரீனில் இருப்பது பென்ட் புல், குளிர்ப் பிரதேசத்துப் புல். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தை அது தாங்காது. இங்கே பெர்முடாதான், அதாவது நம் அருகம்புல் இனம்தான். டிஃப்டுவார்ஃப் மாதிரி குள்ள ரகங்கள் அதன் கலப்பில் வந்தவை.

இந்தப் புல்லுக்கு வெயில்தான் சாப்பாடு. மே முதல் ஆகஸ்ட் வரை வெறி பிடித்தது போல வளரும். அதனால்தான் அப்போது ஓட்டை போடுகிறோம், உங்கள் கெஸ்ட்டைக் கடுப்பேற்ற இல்லை. அரை அங்குல அகலத்துக்கு மண்ணை உருளையாக வெளியே எடுத்து, அந்த இடத்தில் சுத்தமான மணலை நிரப்பினால் வேருக்குக் காற்று போகும், தண்ணீர் கீழே இறங்கும். இரண்டு மூன்று வாரத்தில் புல் மூடிக்கொள்ளும். ஹீல் அப்படியில்லை. அது மண்ணை வெளியே எடுப்பதில்லை, கீழும் பக்கவாட்டிலுமாக அமுக்கி இறுக்கிவிடும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதீர்கள்.

இப்போது காலண்டரைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வானம் மூடியே கிடக்கும், புல் வளராது, நிழல் விழுகிற கிரீனில் பாசி பிடிக்கும், பூஞ்சை வரும். வழக்கமாக மூன்று நான்கு மில்லிமீட்டரில் வெட்டுகிற புல்லை அப்போது கொஞ்சம் உயர்த்தி விடுவோம், இலை இருந்தால்தானே அது பிழைக்கும். சரியாக அந்த நேரத்திலும் அதை ஒட்டியும்தான் கிறிஸ்துமஸ், நியூ இயர், பொங்கல், இன்விடேஷனல் போட்டி, கார்ப்பரேட் டே எல்லாம். ஷாட்கன் ஸ்டார்ட் என்று எல்லாக் குழியிலும் ஒரே நேரத்தில் ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் அங்கேயே பார்ட்டி. புல் படுத்த படுக்கையாக இருக்கும்போது வீட்டில் கல்யாணம் வைக்கிற கதை.

என் அனுபவம் சின்னதுதான். டாப் டிரெஸ்ஸிங்குக்கு, அதாவது கிரீன் மேல் தூவுவதற்கு, மணல் கேட்டிருந்தேன். லாரி வந்து நின்றது. கையில் அள்ளினேன், கூர்கூராக எம் சாண்ட், கூடவே மாவு மாதிரி தூசி. இதைக் கொட்டினால் தூசி அடைத்துக்கொண்டு தண்ணீர் கீழே இறங்காது, புல் வெட்டுகிற மெஷினின் பிளேடும் போய்விடும். திருப்பி அனுப்பச் சொன்னேன். ஆபீஸிலிருந்து போன்: "மணல்தானே சார், மணலில் என்ன சாதி?" லாரி அரை நாள் கேட்டிலேயே நின்றது. அன்று பார்ட்டிக்கு வந்த கார்கள் எல்லாம் என்னைத் திட்டிக்கொண்டேதான் உள்ளே போயிருக்கும்.

சைதாப்பேட்டைக்காரன்

நான் கேடியாக இருந்தவன். இப்போது வேறு வேலை.

நியூ இயர் பார்ட்டிக்கு வெளியிலிருந்து சமையல் ஆட்கள் வந்திருந்தார்கள். தோசை ஸ்டாலை எங்கே போட்டார்கள் தெரியுமா, பதினெட்டாவது கிரீனை ஒட்டி. நடுராத்திரி கடையைக் கட்டும்போது மாஸ்டர், சட்டியில் மிச்சமிருந்த எண்ணெயைச் சூடு ஆறாமலேயே கிரீன் ஓரத்தில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் பார்த்தால், சட்டி வாயளவுக்கு வட்டமாகக் கருகியிருந்தது.

அப்புறம் மார்ச் வரை நாங்கள் லைன் சொன்னதே, அதாவது பந்தை எந்தப் பக்கம் அடிப்பது என்று சொன்னதே, அதை வைத்துத்தான். "சார், எண்ணெய் வட்டத்துக்கு ரெண்டு விரக்கடை இடது பக்கமா அடிங்க." ஒரு பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டு நிறைய பட் போட்டார். மண்ணை வெட்டியெடுத்துப் புதுப் புல் பதித்த அன்று, "எவன்டா என் மார்க்கை எடுத்தது" என்று கோபித்துக்கொண்டார்.

சிங்கிள் சாருக்கு ஒன்று. ஓட்டையைப் பற்றிப் பேசுகிற மெம்பர்களில் எத்தனை பேர் தங்கள் பந்து விழுந்த குழியைத் தாங்களே சரி செய்கிறார்கள்? பாக்கெட்டில் அதற்கான பித்தளை ஃபோர்க் இருக்கும், பிரசன்ட் வந்தது. பாக்கெட்டை விட்டு வெளியே வராது.

அடையாறு_அம்மணி

எல்லாம் சரி, முதல் பதிவில் ஹீல்ஸ் போட்டவர்கள்தான் குற்றவாளி மாதிரி ஒரு வாடை வருகிறதே? போட்டி வைத்தது யார்? மைக் யார் கையில் இருந்தது?

எங்கள் வீட்டுக்காரர் மெம்பர். நான் ஹவுசிக்கும் பிரியாணிக்கும் மட்டும் போகிறவள். ஒரு வருஷம் கேட்டிலேயே போர்டு: "பெண்கள் கவனத்திற்கு: புல்வெளியில் ஹீல்ஸ் அணிய வேண்டாம்." மரியாதையாகத் தட்டைச் செருப்பில் போனேன். உள்ளே போனால் ஜெனரேட்டர் வேன் ஃபேர்வே நடுவில், கிரீனுக்குப் போகிற புல்பாதையில், நிற்கிறது. ஸ்டேஜ் போடுவதற்குக் குறுக்கு வழியாம். சக்கரத் தடத்தில் என் கணுக்கால் வரை இறங்கியது, அதில் தண்ணீர் வேறு. "இதுக்கு எங்கே சார் போர்டு?" என்று செக்ரட்டரியைக் கேட்டேன். "மேடம், டிக்கெட் எடுத்துக்கோங்க, ஹவுசி ஆரம்பிக்கப் போறோம்" என்றார்.

அன்று மட்டும் ஃபுல் ஹவுஸ் எனக்கு வந்திருந்தால் மன்னித்திருப்பேன். வரவில்லை.

குடம்_ரெண்டு

இதையெல்லாம் படித்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 2019இல் நாங்கள் ராத்திரி இரண்டு மணிக்கு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். அப்போது ரயிலில் போகும்போது ஒரு கோல்ஃப் மைதானம் தெரிந்தது, பச்சைப் பசேலென்று, ஸ்பிரிங்ளர் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் ஒன்றும் பேசாமல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான் என் அனுபவம். உள்ளே கோல்ஃப் மைதானமும் இருந்த கிண்டி ரேஸ்கோர்ஸ் நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு திரும்ப எடுத்து வெள்ளநீருக்காகக் குளம் வெட்டியதில் எனக்குத் துளி வருத்தமில்லை.

மண்வெட்டி

குடம் சார், உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஸ்பிரிங்ளரில் வருவதெல்லாம் குடிநீர் இல்லை. பல இடங்களில் சுத்திகரித்த கழிவுநீர்தான். அதில் உப்பு அதிகம், மண்ணில் தங்கிப் புல் நுனியைக் கருக்கும். அதற்குத்தான் ஜிப்சம் போடுவது. பெரிய மழை வந்தால் அந்த உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோகும், ஆனால் ஓட்டை போட்டு வைத்திருந்தால்தான் தண்ணீர் இறங்கும். எல்லாம் ஒன்றோடு ஒன்று.

சைதாப்பேட்டைக்காரர் சொன்னதற்காக, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பந்து விழுந்த குழியை நடுவிலிருந்து மேலே நெம்பாதீர்கள், வேர் அறுந்து அந்த இடம் காய்ந்துவிடும். ஃபோர்க்கை ஓரத்தில் சாய்வாகக் குத்தி, சுற்றிலும் உள்ள புல்லை நடுவை நோக்கித் தள்ளுங்கள். நாலு பக்கமும் தள்ளியபின் பட்டரின் அடியால் லேசாகத் தட்டி மட்டமாக்குங்கள். உடனே செய்தால் ஓரிரு நாளில் சேர்ந்துகொள்ளும், விட்டுவிட்டுப் போனால் வாரக்கணக்கில் தழும்பு. பார்ட்டி வைப்பவர்களுக்கு: கயிறு கட்டுங்கள், கிரீனுக்கு ஐம்பதடிக்குள் அடுப்பு வேண்டாம், ஜெனரேட்டர் கார் பார்க்கிங்கிலேயே நிற்கட்டும், டீசல் சிந்தினால் அந்த மண்ணைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். தேதி குறிக்கும் முன் ஹெட் மாலியை ஒரு வார்த்தை கேளுங்கள். சிங்கிள் சாருக்கு: கெஸ்ட் அழைப்பதாக இருந்தால் செப்டம்பரில் அழையுங்கள், கிரீன் அருமையாக ஓடும்.

சிங்கிள்_ஹாண்டிகேப்

எல்லாம் படித்தேன். நான் கேட்டது கெஸ்ட் ஃபீஸ் பற்றி.