சின்ன கேபினெட் சிஸ்டம்: டிநாய்ஸ் ஓட்டினால் திரை கருப்பாகிறது, உதவி தேவை

முகூர்த்தப்படம் கேட்டது:

வணக்கம். கரூரில் திருமணப் படம் எடுக்கிறேன். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில்தான் தினசரி வேலை. ஸ்டூடியோவில் மேசை சின்னது, சீசன் நேரத்தில் வேலை மிச்சம் இருந்தால் இரவில் பெட்டியை வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டியிருக்கும். அதனால் பெரிய டவர் வேண்டாம் என்று 11 லிட்டர் கேபினெட் ஒன்றில் போன மாதம் புது சிஸ்டம் அசெம்பிள் செய்தேன். போர்டு ஒரு பக்கம், கிராபிக்ஸ் கார்டு அதன் முதுகுக்குப் பின்னால், நடுவில் ரைசர் கேபிள் என்று வருமே, அந்த மாதிரி கேபினெட்.

உள்ளே இருப்பது: ரைசன் 7 7700, பி650 மினி-ஐடிஎக்ஸ் போர்டு, டிடிஆர்5-6000 ரேம் 32 ஜிபி இரண்டு, ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி, 650 வாட் எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளை, 47 மிமீ உயரக் கூலர், 2 டிபி என்விஎம்இ.

படம் பொறுக்குவது, கலர், கிராப் எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. விடியற்காலை முகூர்த்தப் படங்கள் ஐஎஸ்ஓ 6400-இல் இருக்கும், அவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஏஐ டிநாய்ஸ் (படத்தின் புள்ளிகளை நீக்கும் வசதி) கொடுத்தால்தான் பிரச்சினை. கொஞ்சம் படம் முடிந்ததும் திரை கருப்பாகிறது. சில சமயம் இரண்டு மூன்று வினாடியில் திரை திரும்பி வந்து லைட்ரூம் மட்டும் மூடிக்கொள்கிறது. சில சமயம் மெஷினே ரீஸ்டார்ட் ஆகிறது.

டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாகப் போட்டுவிட்டேன். கடையில் கேட்டால் கார்டு போயிருக்கும், அனுப்புங்கள் என்கிறார்கள். கார்டு போய்த் திரும்பி வரும்வரை வேலை நிற்கும், அடுத்த வாரம் இரண்டு ஆல்பம் கொடுக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

ஈரோடு யுபிஎஸ்:

சார், முதல் கேள்வி. சிஸ்டம் எதில் ஓடுகிறது? வீட்டு இன்வெர்ட்டரிலா? பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இப்போது வரும் ஆக்டிவ் பிஎஃப்சி பவர் சப்ளைகளோடு ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்த நொடியில் ரீஸ்டார்ட் ஆகும். லோடு அதிகமாக இருக்கும்போது, அதாவது டிநாய்ஸ் ஓடும்போது, ஆக வாய்ப்பு இன்னும் அதிகம். ஒருமுறை நேரடி மின் இணைப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முகூர்த்தப்படம்:

ஸ்டூடியோவில் நேரடி இணைப்புதான், வீட்டில்தான் இன்வெர்ட்டர். இரண்டு இடத்திலும் வருகிறது அண்ணா. கரண்ட் கட் ஆகாத நேரத்திலும் வருகிறது.

ஈரோடு யுபிஎஸ்:

அப்போது அது காரணம் இல்லை. ஆனால் வீட்டில் சைன் வேவ் யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். காப்பி எடுக்காத மெமரி கார்டிலிருந்து படம் இறங்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அந்தக் கல்யாணத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

ஸ்க்ரூடிரைவர்:

தம்பி, கார்டை உடனே அனுப்பாதீர்கள். முதலில் நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

லைட்ரூமில் 1:1 ப்ரிவ்யூ (முழு அளவு முன்தோற்றம்) மொத்தமாக உருவாக்கச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் சிபியு வேலை. அதில் விழுகிறதா? அடுத்தது, அப்போது சிபியு எத்தனை டிகிரி, டிநாய்ஸ் ஓடும்போது கார்டு எத்தனை டிகிரி? மூன்றாவது, பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்போவை, அதாவது ரேமை வேகமாக ஓட்டும் அமைப்பை, அணைத்துவிட்டு ஓட்டுங்கள். 7700-க்கு ஏஎம்டி சொல்லும் ரேம் வேகம் 5200 வரைதான், 6000 என்பது அதற்கு மேலே ஓட்டுவது. பெரும்பாலான போர்டுகளில் ஓடும், ஆனால் சந்தேகம் வந்தால் முதலில் கீழே இறக்க வேண்டியது அதைத்தான். அமைப்பை மாற்றியபின் முதல் பூட்டில் ரேம் டிரெய்னிங் (போர்டு ரேமோடு ஒத்துப்போகச் சோதித்துக்கொள்வது) நடக்கும், திரை பல நிமிடம் கருப்பாகவே இருக்கலாம். பயந்து பவரை நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக, விண்டோஸ் நடந்ததைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவர் திறந்து விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். திரை கருப்பான நேரத்துக்குச் சற்று முன்னால் என்னென்ன எழுதியிருக்கிறது? மெஷின் ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருக்கும். அது "திடீரென்று நின்றது" என்று மட்டும்தான் சொல்லும், காரணம் சொல்லாது. அதை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

முகூர்த்தப்படம்:

பார்த்துவிட்டேன் அண்ணா. ப்ரிவ்யூ ஒரு முழுக் கல்யாணத்துக்கும் ஓடி முடிந்தது, விழவில்லை. சிபியு 90 டிகிரியைத் தொடுகிறது, ஃபேன் இரைச்சல் அதிகம். கார்டு 70-ஐத் தாண்டவில்லை. எக்ஸ்போ அணைத்தும் டிநாய்ஸில் அதே கதை.

ஈவென்ட் வியூவரில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை வரிசையாக இருக்கிறது. டபிள்யூஎச்இஏ-லாகர், ஈவென்ட் 17, "பிசிஐ எக்ஸ்பிரஸ் ரூட் போர்ட்" என்று எழுதியிருக்கிறது. டிநாய்ஸ் ஓட்டிய நேரங்களில் மட்டும் கொத்துக் கொத்தாக வந்திருக்கிறது.

ஸ்க்ரூடிரைவர்:

அந்த மஞ்சள் வரிசைதான் நமக்கு வேண்டியது. போர்டுக்கும் கார்டுக்கும் இடையே போகும் தகவல் வழியில் கெட்டுப்போய், திருத்தி வாங்கப்படுகிறது என்று அதற்கு அர்த்தம். திருத்த முடிகிறவரை எச்சரிக்கை. திருத்த முடியாமல் கார்டு இரண்டு வினாடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை ரீசெட் செய்யும். திரை கருப்பாகித் திரும்பி வருவது அதனால்தான். அதிலும் மீளாவிட்டால் ரீஸ்டார்ட்.

உங்கள் கேபினெட்டில் அந்த வழியில் கூடுதலாக ஒரு பொருள் இருக்கிறது, ரைசர் கேபிள். அது ஜென் 3 கேபிளா ஜென் 4 கேபிளா (ஜென் என்பது இந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியின் தலைமுறை)? ஆர்டிஎக்ஸ் 4060 ஜென் 4 கார்டு. ஜென் 3-இல் ஒரு லேனுக்கு (தகவல் போகும் ஒரு தடத்துக்கு) வினாடிக்கு 8 ஜிகா டிரான்ஸ்ஃபர், ஜென் 4-இல் அது 16. இரண்டு மடங்கு வேகத்தில் சிக்னல் போகும்போது மடிந்த கேபிள், சரியாக உட்காராத கனெக்டர், மலிவான ஷீல்டிங் எல்லாம் வெளியே தெரியும்.

ஏன் டிநாய்ஸில் மட்டும் என்றால், சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்க லிங்க் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லோடு ஏறினால்தான் ஜென் 4-க்குப் போய் அங்கேயே நிற்கும். உங்கள் மற்ற வேலையில் அது தொடர்ந்து நிற்பதில்லை.

கழற்றாமலே சோதிக்கலாம். பயாஸில் கிராபிக்ஸ் ஸ்லாட்டின் லிங்க் ஸ்பீடு "ஆட்டோ" என்று இருக்கும், அதை "ஜென் 3" ஆக்குங்கள். திரை வராமல் போனால் மானிட்டரைப் போர்டின் எச்டிஎம்ஐயில் செருகுங்கள், 7700-இல் உள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது. மாறிவிட்டதா என்று கார்டு விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். பஸ் இன்டர்ஃபேஸ் வரியில் 1.1 என்று காட்டினால் பதறாதீர்கள், அது ஓய்வு வேகம். பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓட்டினால் உண்மையான வேகம் ஏறி நிற்கும்.

வெள்ளைத்திரை:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஜென் 3 ஆக்கினால் காசு கொடுத்து வாங்கிய கார்டில் பாதி வேகம் போய்விடாதா? 4060-க்கு எட்டு லேன்தானே இருக்கிறது?

ஸ்க்ரூடிரைவர்:

லேன் எட்டுதான், சரி. எட்டு லேன் ஜென் 3 என்றால் வினாடிக்கு சுமார் 8 ஜிபி போகும். அவர் வேலைக்குக் கணக்குப் போடுவோம். 24 மெகாபிக்சல் படம், மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு பைட், மொத்தம் 144 எம்பி. அதைக் கார்டுக்கு அனுப்ப ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது. அதன்பிறகு கார்டு அந்தப் படத்தோடு பல வினாடி மல்லுக்கட்டும். போய் வரும் நேரம் இரட்டிப்பானாலும் கண்ணுக்குத் தெரியாது. கேமில் சில இடங்களில் வித்தியாசம் தெரியலாம், போட்டோ வேலையில் தெரியாது.

முகூர்த்தப்படம்:

ஜென் 3 ஆக்கினேன். மாலையிலிருந்து ஒரு முழு முகூர்த்தமும் டிநாய்ஸில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது, திரை ஒருமுறைகூடக் கருப்பாகவில்லை. ஈவென்ட் 17-உம் வரவில்லை. ஒரு படத்துக்கு ஆகும் நேரத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ரொம்ப நன்றி அண்ணா, ஆல்பம் தப்பித்தது!

கேபினெட் அட்டைப்பெட்டியைத் தேடிப் பார்த்தேன். ரைசர் ஜென் 4 என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியென்றால் கேபிள் கெட்டதா, கார்டின் ஸ்லாட் முனை கெட்டதா?

ஸ்க்ரூடிரைவர்:

அதையும் பிரித்துப் பார்த்துவிடலாம், கார்டு வாரண்டி விஷயம் அது. ஆல்பம் கொடுத்தபிறகு ஒரு நாள் போர்டை வெளியே எடுத்து அது வந்த அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். கார்டை ரைசர் இல்லாமல் நேராகப் போர்டில் செருகி, லிங்க் ஸ்பீடைத் திரும்ப ஆட்டோவில் விட்டு டிநாய்ஸ் ஓட்டுங்கள். கார்டு சாயாமல் பின்பக்கத்துக்கு முட்டுக் கொடுங்கள். அப்படி ஓடினால் கார்டு நல்ல கார்டு.

இன்னொன்று. பெட்டியை வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் அல்லவா? அந்தக் குலுங்கலில் ரைசரின் இரண்டு முனையும் ஒரு நூல் அளவு எழும்பினாலே போதும். கழற்றும்போது கார்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ இறுக்கமாக இருந்ததா, தங்க முனைகளில் தூசியோ விரல் கறையோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

முகூர்த்தப்படம்:

செய்துவிட்டேன். அட்டைப்பெட்டி மேல் வைத்து ஆட்டோவில் ஓட்டியபோது ஜென் 4 காட்டியது, எச்சரிக்கை எதுவும் இல்லாமல் ஓடியது. கார்டு நல்ல கார்டுதான். திரும்ப ரைசரில் நன்றாக அழுத்திச் செருகி ஆட்டோவில் விட்டால் மறுபடி ஈவென்ட் 17. கேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது, போர்டுப் பக்கக் கனெக்டரை ஒட்டி மடிப்பு கூர்மையாக விழுந்திருக்கிறது, ஓரத்தில் கருப்புப் படலம் வெளுத்திருக்கிறது. கேபினெட் விற்றவர்களிடம் மாற்றுக் கேபிள் கேட்டிருக்கிறேன். வரும்வரை ஜென் 3-இல் ஓடட்டும்.

சிபியு 90 டிகிரிக்கு என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஸ்டூடியோவில் ஏசி இல்லை, கரூர் வெயில் தெரியும்தானே.

ஸ்க்ரூடிரைவர்:

7700-இன் எல்லை 95 டிகிரி, அதனால் 90 ஆபத்து இல்லை. ஆனால் 47 மிமீ கூலருக்குச் சித்திரை மாதம் கஷ்டம்தான். பயாஸில் மின்சாரம் குறைவாக இழுக்கும் ஈகோ மோடு 45 வாட் போடுங்கள். 45 என்பது பெயரளவுதான்; இப்போது அதிகபட்சம் 88 வாட் இழுக்கிறது, அது 60 சொச்சத்துக்கு இறங்கும். ப்ரிவ்யூ கொஞ்சம் தாமதமாகும், இரைச்சலும் சூடும் நன்றாகக் குறையும். கேபினெட்டில் காற்று போகும் வலை உள்ள பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள். சின்னப் பெட்டியில் காற்றுக்கு வேறு வழி கிடையாது.

புதுக்கேமரா:

நானும் இதே வேலைக்குச் சின்ன சிஸ்டம் போடலாம் என்றிருக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் ரைசர் மேலேயே பயம் வந்துவிட்டது. என்ன வாங்கலாம்?

ஸ்க்ரூடிரைவர்:

ரைசர் எல்லாமே கெட்டது இல்லை, நல்ல ஜென் 4 கேபிள் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது. ஆனால் பெட்டியைத் தினமும் தூக்கப் போவதில்லை என்றால் 18, 20 லிட்டர் அளவில் கார்டு நேராகப் போர்டில் உட்காரும் கேபினெட் எடுங்கள். கூலர் மாஸ்டர் என்ஆர்200 அந்த வகை. அதில் 135 மிமீ உயரமுள்ள தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 மினி மாதிரி கூலர் உட்காரும், வெயிலுக்கு அது பெரிய நிம்மதி. மினி-ஐடிஎக்ஸ் போர்டில் ரேம் ஸ்லாட் இரண்டுதான், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று 16 ஒன்று போட்டு ஆரம்பிக்காதீர்கள். முதலிலேயே 32 இரண்டு. போர்டின் பின்பக்கத்திலும் ஒரு எம்.2 ஸ்லாட் இருக்கிறதா பாருங்கள், லைட்ரூம் கேட்டலாகுக்கு (படங்களின் விவரப் பட்டியல்) தனி டிரைவ் போட உதவும். அதை அசெம்பிள் செய்யும்போதே போட்டுவிடுங்கள், பிறகு போட முழுப் போர்டையும் கழற்ற வேண்டும்.