காணாமல் போனவர், ஏழு வருடம், 'பிரிசம்ப்ஷன்': இதற்கு என்ன அர்த்தம்?

கேள்வி:
என் அக்காவின் கணவர் 2016 ஆகஸ்டில் வேலை தேடி சூரத் போனார். போய்ச் சேர்ந்ததாக ஒரு போன் வந்தது, அவ்வளவுதான். போலீஸில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது. இப்போது வீட்டுப் பத்திரம், அவர் பேரில் இருக்கும் இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். வக்கீல் கோர்ட்டுக்குத் தயாரித்த பிராதில் (வழக்கு மனுவில்) 'பிரிசம்ப்ஷன் ஆஃப் டெத்' என்று இருக்கிறது. அகராதியில் 'அனுமானம்' என்று போட்டிருக்கிறது. அத்தானின் அம்மா அதைக் கேட்டதும், "யாரோ அனுமானம் பண்ணி என் பிள்ளையைச் செத்தவனா ஆக்குவீங்களா?" என்று அழுதுவிட்டார். ஏழு வருடம் ஆனாலே இறந்ததாக ஆகிவிடுமா? எந்தத் தேதியைப் போடுவார்கள்?

பதில்:
ஆங்கிலத்தில் 'அசம்ப்ஷன்' என்றால் ஆதாரம் இல்லாமலும் வைத்துக்கொள்ளலாம். 'பிரிசம்ப்ஷன்' என்றால் அப்படி நினைக்க ஏதோ ஒரு அடிப்படை இருக்க வேண்டும். கோர்ட்டில் எப்படி எடுப்பார்கள் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பதில்:
நான் திருநெல்வேலிப் பக்கம் வக்கீல் குமாஸ்தா. இந்த மாதிரி பிராதுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: கோர்ட் யாரையும் சாகடிப்பதில்லை. நிரூபிக்கும் பாரத்தை ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாற்றுகிறது, அவ்வளவே. பழைய சாட்சியச் சட்டத்தில் 108-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் அது 111. உயிரோடு இருந்தால் இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லை என்றால், 'அவர் இருக்கிறார்' என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். நாளைக்கே அவர் வாசலில் வந்து நின்றால் அந்த அனுமானம் நிற்காது.

ஏழு வருடம் ஆன மறுநாளே எல்லாம் தானாக நடந்துவிடாது. கோர்ட்டில் அந்தக் கேள்வி எழும்போதுதான் இந்த அனுமானத்துக்கு வேலை. அதுவும் 'இறந்தார்' என்பதற்கு மட்டும். 'எப்போது இறந்தார்' என்பதற்கு அனுமானம் கிடையாது. 2004-ல் எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2016-ல்தான் இறந்தார் என்று பிராதில் எழுதினால் அதைத் தனியாகச் சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும். இன்ஷூரன்ஸில் அடி விழுவது இங்கேதான். ஆள் காணோம் என்றதும் பிரீமியத்தை நிறுத்திவிடுகிறார்கள், பாலிசி காலாவதியாகிவிடுகிறது. அதற்கு முன்பே இறந்தார் என்று நிரூபிக்க முடியாவிட்டால் பணம் கிடைப்பது கஷ்டம். அந்த வழக்கிலும் அதுதான் சிக்கல். உங்கள் அக்கா கட்டிக்கொண்டு வருகிறாரா?

அப்புறம், தாயாரும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மனைவி, பிள்ளைகளோடு சேர்ந்து சொத்தில் பங்கு உள்ளவர். வழக்கில் அவரும் ஒரு தரப்பாக இருக்க வேண்டும். மகன் இருந்தால் முதலில் போன் போடுவது அம்மாவுக்குத்தானே? அதனால் அவருடைய சாட்சிக்குத்தான் கனம் அதிகம். அவரைச் சமாதானப்படுத்தாமல் பிராதைத் தாக்கல் செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பதில்:
நான் வவுனியா. எங்கட பக்கம் யுத்தத்தில் காணாமல் போனவர்களுக்காக 2010-ல் தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள்; ஏழு வருடம் தேவையில்லை, ஒரு வருடம் கடந்தாலே மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று. கன தாய்மார் வாங்க மாட்டம் என்று நின்றார்கள். பிறகு 2016-ல் சட்டத்தைத் திருத்தி, ஆள் காணாமல் போனதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றையும் சேர்த்தார்கள். அந்த அம்மாவின் மனம் எனக்கு நல்லாய் விளங்குது. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லையா?

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. பிரீமியம் 2019 வரை கட்டியிருக்கிறோம், அதற்கு மேல் முடியவில்லை. பிராதில் இறந்த தேதியாக 2016 ஆகஸ்ட் என்றுதான் இருக்கிறது. மாற்றச் சொல்லவா?

பதில்:
குமாஸ்தாதான் மறுபடியும். வவுனியா நண்பருக்கு: இங்கே பொதுச் சட்டத்தில் அப்படி ஒரு சான்றிதழை நான் பார்த்ததில்லை. 2013 கேதார்நாத் வெள்ளம் மாதிரிப் பேரிடர் என்றால் ஏழு வருடம் காத்திருக்காமல் சான்றிதழ் கொடுக்கத் தனி ஏற்பாடு செய்தார்கள், அவ்வளவுதான்.

தம்பி, அந்தத் தேதிக்குச் சாட்சியம் இருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள். இல்லையென்றால் '2016 ஆகஸ்டுக்குப் பிறகு தகவல் இல்லை' என்று மட்டும் இருக்கட்டும். கூடவே, தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்று ஸ்டேஷனில் எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் போனால் வாய்தா மேல் வாய்தாவாகப் போகும். பாலிசிக் காகிதம், கடைசியாகக் கட்டிய ரசீது இரண்டையும் தாக்கலுக்கு முன்பே வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.