ஒளிக்கணினியா, ஒளிவழிக் கணிப்பா?

குழுவினருக்கு வணக்கம். மின்சாரத்துக்குப் பதில் ஒளியை வைத்துக் கணக்கிடும் முறைக்கு (photonic computing) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதே பேச்சு.

ஒளியின் துகளான ஃபோட்டானுக்கு ‘ஒளியன்’ என்று வைத்து, ‘ஒளியன் கணினி’ என்று அன்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். காட்பாடியில் என் வகுப்பில் அதைக் கரும்பலகையில் எழுதியதுமே “யார் சார் அது?” என்றான் கடைசி பெஞ்சுப் பையன். ‘ஒளியணு’வும் எனக்கு ஒட்டவில்லை. எலக்ட்ரான் அணு இல்லை என்று தெரிந்தும் ‘மின்னணு’ என்று வைத்துவிட்டோம். அந்தப் பிழைக்கு ஒரு தம்பி வேறு எதற்கு?

‘ஒளிக்கணினி’ எளிமையான சொல். மாட்டுவண்டி மாதிரி, இழுப்பது எது என்று சொல்லிவிடுகிறது. ஆனால் இன்றைய வண்டியை ஒளி மட்டுமே இழுக்கவில்லை. 2017இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு வெளியிட்ட சில்லை (chip) பாருங்கள். லேசர் ஒளி சிலிக்கானில் செதுக்கிய நுண்வழியில் வந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையைச் சற்றே சூடாக்கினால் அங்கே அலையின் கட்டம் (phase), அதாவது அதன் ஏற்ற இறக்கம் வந்துசேரும் நேரம், மாறும். கிளைகள் மறுபடி சேரும்போது அலைகள் வலுக்கின்றன, அல்லது ஒன்றையொன்று அழிக்கின்றன. இப்படி 56 அமைப்புகளை அடுக்கியதில், ஒளி கடந்துபோகிற போக்கிலேயே அணிப்பெருக்கல் (எண் அட்டவணைகளைப் பெருக்குவது) முடிந்துவிட்டது. சோதனைக்கு எடுத்தது உயிரொலிகளை இனம்காணும் வேலை (ஒளியை வைத்து ஒலி!). ஆனால் இடையில் வரும் நேரியல் அல்லாத படி (உள்ளே போவது இரட்டித்தால் வெளியே வருவதும் இரட்டிக்கும் என்றில்லாத கணக்கு) சாதாரணக் கணினியில்தான் நடந்தது.

காரணம் ஒளியின் சுபாவம். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் எல்லா வண்டியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மோதாமல் போனால் எப்படி இருக்கும்? ஒளி அப்படித்தான். அதனால் ஒரே வழியில் பல நிறங்களைக் கலக்காமல் அனுப்பலாம். டிரான்சிஸ்டர் போன்ற சுவிட்சுக்கோ ஓர் ஒளியை இன்னொன்று நிறுத்த வேண்டும். அதற்கு இடையில் தக்க பொருள் ஒன்று வேண்டும். நினைவகமும் தொல்லைதான், ஒளி ஓரிடத்தில் நிற்காதே.

ஆகவே இப்போதைக்கு இயந்திரத்தை விட்டுவிட்டு வேலைக்குப் பெயர் வைப்போம்: ‘ஒளிவழிக் கணிப்பு’. முழுக்க ஒளியில் ஓடுவது வரும் நாளுக்கு ‘ஒளிக்கணினி’ காத்திருக்கட்டும்.

சில்லுக்குள் இருக்கும் நுண்வழிக்கு ‘அலைநடத்தி’ என்கிறார்கள். பஸ் நடத்துநர்தான் நினைவுக்கு வருகிறார். பாலாற்றில் தண்ணீர் வராத வருஷத்திலும் இந்தப் பக்கம் கால்வாய், மதகு என்ற சொற்கள் வற்றவில்லை. நுண்வழிக்கு ‘ஒளிக்கால்’, ஒளியைத் திறந்து மூடும் உறுப்புக்கு ‘ஒளிமதகு’ என்றால் என்ன?

---

வணக்கம் சார். ராணிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஒளிவழிக் கணிப்புக்கு என் ஓட்டு. ‘ஒளிக்கால்’ வேண்டாம். ளகரம் லகரமாகிற வாய்களே இங்கே அதிகம். ‘ஒலிக்கால்’ என்று காதில் விழுந்தால் ஸ்பீக்கர் ஸ்டாண்டு என்று நினைப்பார்கள். ‘ஒளிவாய்க்கால்’ என்று நீட்டிவிடுங்கள்.

---

அம்மா, ஒலிபரப்பும் ஒளிபரப்பும் இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றனவே! ளகரத்துக்கு நான் பயப்படவில்லை. ஆனால் ஸ்டாண்டு நினைப்பு இனி என் தலையை விட்டுப் போகாது. ‘ஒளிவாய்க்கால்’ சரி. மதகை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.