எல்கோவுக்குக் குடும்பத்தோட போகலாமா? மூன்றரை மணி நேரக் கதைக்கு என் பதில்

கோயமுத்தூர்க்காரி:
நேத்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஹூஸ்டன்ல இருக்காராம், உலோகவியல் படிச்சவர். நெவாடாவில எல்கோ பக்கம் தங்கச் சுரங்கத்துல வேலை வந்திருக்கு. மனைவி, ஒன்பது வயசுப் பொண்ணு, மூணு வயசுப் பையன் எல்லாரையும் கூட்டிட்டுப் போகலாமான்னு கேட்டார். அதுக்கு நெய்வேலிக்காரர் எழுதின பதில் இது: "தாராளமா போங்க. பக்கத்து யூட்டா மாநிலத்துல இருக்கிற பெரிய ஊர் சால்ட் லேக் சிட்டி, கார்ல மூன்றரை மணி நேரம்தான். சாமான், கோயில், டாக்டர் எல்லாம் அங்க இருக்கு. மாசம் ரெண்டு தடவை போயிட்டு வந்தா போதும். ஊர் பிடிக்கலைன்னு சொல்றவங்க வீட்டுலயே உக்காந்து பழகினவங்க."

அந்தக் கடைசி வரியைப் படிச்சதுல இருந்து மனசு ஆறலைங்க. நான் எல்கோவில ரெண்டு குளிர்காலம் இருந்தவ. வீட்டுக்காரருக்கு 12 மணி நேர ஷிப்ட். விடியறதுக்கு முன்னாடி சுரங்க பஸ் ஏறினார்னா இருட்டினப்புறம்தான் வருவார். சால்ட் லேக் போற அந்த 80ஆம் நம்பர் ரோட்டுல பதினேழு தடவை நானேதான் ஓட்டிட்டுப் போனேன். மூன்றரை மணி நேரம்னு சொல்றது தப்புங்க. சால்ட் லேக் கடிகாரம் எல்கோவை விட ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும். 6:30க்குக் கிளம்பி மூன்றரை மணி நேரம் ஓட்டினா அங்க மணி 10 இல்லை, 11. போறப்ப அது நாலரை மணி நேரம். இதைச் சொல்லாம புள்ளகுட்டிக்காரங்களைக் கிளப்பி விடாதீங்க.

நெய்வேலிக்காரன்:
அம்மா, தூரம் 230 மைல். 75 மைல் வேகத்துல போனா மூணு மணி நேரமும் அஞ்சு நிமிஷமும். வழியில வெல்ஸ்ல டீசல், வெண்டோவர்ல காப்பி, எல்லாம் சேத்துத்தான் மூன்றரைன்னு சொன்னேன். கடிகாரத்தைத் திருப்பி வெச்சா ரோடு நீண்டுடுமா? வரும்போது அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்குதே, அதை ஏன் எழுதலை?

நான் வின்னமக்காவில பதினோரு வருஷம் குடும்பம் நடத்தினவன். எல்கோவை விடச் சின்ன ஊர். என் பொண்ணு அங்கதான் பள்ளிக்கூடம் போனா, இன்னிக்கு ரீனோ பல்கலைக்கழகத்துல சுரங்கப் படிப்பு படிக்கிறா. கேள்விப்பட்டதை வெச்சு எழுதறவன் இல்லை நான்.

டல்லாஸ்_குமரன்:
இருபதாயிரம் பேர் இருக்கிற ஊருக்கு எதுக்குங்க போகணும்? டல்லாஸ் வாங்க. பத்து நிமிஷத்துல நாலு தமிழ்க் கடை. வாழையிலை கூட ஃபிரெஷ்ஷா கிடைக்கும்.

கோயமுத்தூர்க்காரி:
குமரன், டல்லாஸ்ல தங்கம் தோண்டறாங்களா? அந்தத் தம்பிக்கு வேலை அங்கதானுங்க வந்திருக்கு.

நெய்வேலிக்காரர் அண்ணா, வின்னமக்காவில இருந்தீங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்க. வின்னமக்காக்காரங்க எதுன்னாலும் மேற்கே ரீனோவுக்குத்தான் போவாங்க. ரெண்டரை மணி நேரம், ரெண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம். கிழக்கே புள்ளையைப் பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டு ஜனவரியில எத்தனை தடவை போயிருக்கீங்க? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். வந்த முதல் ஜனவரி. பையனுக்குக் காதுல சீழ், சால்ட் லேக்ல ஸ்பெஷலிஸ்ட் 11 மணிக்கு நேரம் குடுத்திருந்தார். "மூன்றரை மணி நேரம்தான்"னு உங்களை மாதிரியே ஒருத்தர் சொல்லியிருந்தார். அரை மணி கையில இருக்கட்டும்னு 7 மணிக்குக் கிளம்பினேன், 10:30க்குப் போயிடலாம்னு கணக்கு. வெல்ஸ் தாண்டி பீக்வாப் மேடு ஏறும்போது பனி ஆரம்பிச்சது. கிட்டத்தட்ட 7,000 அடி. முன்னாடி லாரிக்காரங்க எல்லாம் ஓரங்கட்டி, மண்டி போட்டு டயருக்குச் சங்கிலி மாட்டிட்டு இருந்தாங்க. எனக்கு முன்னாடி கோடு தெரியலை, லாரியோட சிவப்பு லைட்டு ரெண்டுதான் தெரிஞ்சுது. பையன் பின்னாடி வாந்தி எடுத்துட்டான். நிறுத்த எடமில்லை. அந்த நாத்தத்தோடவே இருபது மைல் ஓட்டினேன். வெண்டோவர் வந்ததும் போன்ல மணி தானா ஒரு மணி நேரம் முன்னாடி குதிச்சுது. பனியில போனது போக, இப்படி ஒரு மணி நேரம் போகும்னு எனக்கு யாரும் சொல்லலை. அங்கிருந்து உப்புவெளி, ரோடு நூல் பிடிச்ச மாதிரி நேரா போகும், நடுவுல ஒரு கான்கிரீட் மரச் சிலை மட்டும் தனியா நிக்கும். அந்த மரத்தைத் தாண்டறப்ப அழுதுட்டேன். ஆஸ்பத்திரி போய்ச் சேந்தப்ப மணி 1:10. அடுத்த நேரம் ஆறு வாரம் கழிச்சு.

இப்ப சொல்லுங்க, டாக்டர் எந்தக் கடிகாரத்தைப் பாப்பாரு?

நெய்வேலிக்காரன்:
புள்ளைக்கு உடம்பு முடியாம போனதுக்கு வருத்தப்படறேன். ஆனா ஒரு ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அங்க என்ன மணின்னு பாக்கறது நம்ம பொறுப்பு. அதுக்காக மூன்றரை நாலரை ஆகாது. எல்கோவில இருந்து சால்ட் லேக்குக்கு விமானமும் இருக்கு. ஆம்ட்ராக் ரயிலும் நிக்குது.

கோயமுத்தூர்க்காரி:
ரயில் நிக்குதுங்க, ராத்திரியில. ஒரு நாளைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. மூணு வயசுக் குழந்தையை எழுப்பிக்கிட்டு அந்தக் குளிர்ல பிளாட்பாரத்துல போய் நில்லுங்க. அப்புறம் பேசுவோம்.

சாம்பியன்ரீப்:
நான் கேஜிஎப்ல, அதான் கோலார் தங்கவயல்ல, பொறந்து வளந்தவன். தாத்தா குடியாத்தம் பக்கத்துல இருந்து சுரங்க வேலைக்கு வந்தவரு. எங்க லைன் வீடுகள்ல எல்லாருமே அப்படித்தான், வட ஆற்காட்டுல இருந்தும் தர்மபுரியில இருந்தும் தங்கத்தை நம்பி வந்த குடும்பங்க. 2001 பிப்ரவரி 28ல சுரங்கத்தை மூடினாங்க. இன்னிக்கும் பாதி ஊர் விடிகாலையில மாரிக்குப்பம் ரயிலைப் பிடிச்சு பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டு ராத்திரி திரும்புது. மூன்றரையா நாலரையான்னு சண்டை போடறீங்களே, தங்கம் தீர்ந்தா அந்தத் தம்பி என்ன பண்ணுவாருன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?

நெய்வேலிக்காரன்:
தம்பி, கேஜிஎப்போட இதை ஒப்பிடாதீங்க. அங்க குவார்ட்ஸ் ரீப், அதாவது பாறைக்குள்ள ஓடற வெள்ளைக்கல் நரம்பு, மூணு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய் எடுத்தது. செலவு கட்டுப்படியாகலை. எல்கோவுக்குப் பக்கத்துல கார்லின்ல இருக்கிறது கண்ணுக்கே தெரியாத பொடித் தங்கம், பாறைக்குள்ள கலந்து கிடக்கு. 1965ல ஆரம்பிச்சது இன்னும் ஓடுது. 2019ல பேரிக்கும் நியூமான்ட்டும் சேந்து அங்க ஒரே கம்பெனியா ஆக்கிட்டாங்க. சும்மா பயமுறுத்தாதீங்க.

சாம்பியன்ரீப்:
எங்க தாத்தாகிட்டயும் இதையேதான் சார் சொன்னாங்க. நூறு வருஷத்துக்கு மேல ஓடின சுரங்கம். மூடினதுக்கு மறுநாள் எங்க அப்பா சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி ஆணியில மாட்டினாரு. அதுக்கப்புறம் அதை யாரும் எடுக்கலை. ஆழம், குவார்ட்ஸ் எல்லாம் உங்களை விட எங்க வீட்டுல நல்லாத் தெரியும்.

நெய்வேலிக்காரன்:
நானும் சுரங்க டவுன்ஷிப்ல பொறந்தவன்தான். அப்பா காலத்துல மெட்ராஸ் போகணும்னா பஸ்ல அஞ்சு மணி நேரம். எங்க அம்மா ஒரு நாள் கூட ஊரைக் குறை சொன்னதில்லை.

கோயமுத்தூர்க்காரி:
அண்ணா, நெய்வேலியில உங்க அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுலயும் தமிழ்தான், எதிர்வீட்டுலயும் தமிழ்தான். வடலூர் கூப்பிடு தூரம். பண்ருட்டி பலாப்பழம் வாசலுக்கு வரும். உங்க அம்மா அஞ்சு மணி நேரம் பஸ்ல உக்காந்துதான் கறிவேப்பிலை வாங்கினாங்களா? எல்கோவில என் பொண்ணோட தமிழ் பேச ஒரு குழந்தை இல்லைங்க. அவ பொம்மைகிட்ட இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சதை நான் சமையல்கட்டுல இருந்து கேட்டேன். கோயில்னா சவுத் ஜோர்டன்ல இருக்கிற பிள்ளையார் கோயில்தான். அதுவும் சால்ட் லேக்குக்குத் தெக்கே, உங்க மூன்றரைக்கு மேல இன்னும் கொஞ்சம்.

கேஜிஎப் தம்பி கேட்டது சரியான கேள்விதான். ஆனா அது இருபது வருஷம் கழிச்சு வர்ற கவலை. நான் சொல்றது வர்ற செவ்வாய்க்கிழமைக் கவலை.

மீனா_சியாட்டில்:
யாரும் அந்தப் பொண்ணைப் பத்தி பேசலையே? தம்பியோட மனைவி டேட்டா அனலிஸ்ட்னு எழுதியிருந்தார். எச்4ல, அதான் எச்1பி-காரங்களோட துணைக்குக் கிடைக்கிற விசாவுல, வேலை பாக்கறாங்க. எல்கோவில அவங்களுக்கு என்ன வேலை இருக்கு? 2015ல எச்4காரங்களுக்கு ஈஏடி, அதாவது வேலை பாக்கற அனுமதி, வந்தப்புறம்தான் எங்களுக்கெல்லாம் மூச்சு வந்துது. அதைத் தூக்கிப் போட்டுட்டு ஆம்பளை வேலைக்காகப் போகணுமா?

டல்லாஸ்_குமரன்:
கம்பெனி மாறினா, பழைய கம்பெனி கிரீன் கார்டுக்காகப் போட்ட ஐ-140 மனு போயிடும். அதோட ஈஏடியும் போச்சு. கதை முடிஞ்சுது.

மீனா_சியாட்டில்:
தப்பு குமரன். அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டியிருந்தா பழைய கம்பெனி வாபஸ் வாங்கினாலும் ஐ-140 செல்லும், கிரீன் கார்டு வரிசையில நம்ம இடத்தைச் சொல்ற பிரயாரிட்டி தேதியும் நிக்கும். கிரீன் கார்டுக்குப் புதுக் கம்பெனி மறுபடி பெர்ம்ல, அதாவது தொழிலாளர் துறை அனுமதியில, இருந்து ஆரம்பிக்கணும், அது வேற விஷயம். போன வருஷமும் ஒருத்தருக்கு நீங்க இப்படித்தான் தப்பாச் சொன்னீங்க. அவர் பயந்துபோய் நல்ல வேலையை விட்டுட்டார்.

டல்லாஸ்_குமரன்:
அந்தப் பழைய கதையை இன்னும் எத்தனை தடவை இழுப்பீங்க? அன்னிக்கே விளக்கம் குடுத்துட்டேன்.

மீனா_சியாட்டில்:
விளக்கம் குடுத்தீங்க. தப்புன்னு ஒத்துக்கலை.

நெய்வேலிக்காரன்:
வேலையை வீட்டுல இருந்து பாக்கலாமே. நெட் இருக்கு. இன்னொண்ணு, நெவாடாவில மாநில வருமான வரி கிடையாது.

மீனா_சியாட்டில்:
சார், டெக்சஸ்லயும் கிடையாது. அவர் இருக்கிறது ஹூஸ்டன். என்ன மிச்சம்?

கோயமுத்தூர்க்காரி:
நல்லாக் கேட்டீங்க மீனா. வரிக் கணக்கும் அந்த மூன்றரை மணிக் கணக்கு மாதிரிதான், ஒரு பக்கம் மட்டும் பாத்துச் சொல்றது.

ஊர் கெட்ட ஊருன்னு நான் சொல்லவே இல்லைங்க. ஜூன் மாசம் பக்கத்து மலைப் பள்ளத்தாக்கு லமோயில் கேன்யன்ல நீங்க நிக்கணும், பனி உருகி ஓடறதைப் பாத்தா கண்ணு நிறையும். பக்கத்து வீட்டு அம்மா, ஸ்பெயின் பக்கத்து பாஸ்க் வம்சம், அவங்க தாத்தா ஆடு மேய்க்க வந்தவராம். எங்க பைப்பு உறைஞ்சு வெடிச்ச அன்னிக்கு ராத்திரி அவங்க வீட்டுலதான் படுத்தோம். அந்த அம்மா மேல சத்தியமா ஊரைக் குறை சொல்ல மாட்டேன். கணக்கை ஒழுங்காச் சொல்லுங்கன்னுதான் சொல்றேன்.

புதுசா வர்றவங்களுக்கு இன்னொண்ணு. எல்கோ 5,000 அடிக்கு மேல. தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சிடும். பாத்திரத்துல துவரம்பருப்பு வேக ரொம்ப நேரம் ஆகும். இட்லி மாவு குளிர்ல பொங்காது, ஓவன் உள்ள லைட்டைப் போட்டு ராத்திரி முழுக்க வெக்கணும்.

நெய்வேலிக்காரன்:
குக்கர்னு ஒண்ணு கண்டுபிடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. ரெண்டு விசில் சேத்து விட்டா பருப்பு குழைஞ்சிடும். இதெல்லாம் ஒரு காரணமா?

கோயமுத்தூர்க்காரி:
காரணம்னு நான் சொன்னேனா? தெரிஞ்சுக்கிட்டுப் போங்கன்னு சொன்னேன். குக்கர்ல வேகும், எனக்கும் தெரியும். வீட்டுல குக்கர் வெச்சது நானா நீங்களா?

நெய்வேலிக்காரன்:
என் சமையலைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? பதினோரு வருஷத்துல பாதி நாள் நான்தான் சமைச்சேன், என் மனைவிக்கு நைட் ஷிப்ட். போன தீபாவளிக்கு முறுக்கு மாவுக் கணக்குலயும் என்னை இப்படித்தான் மடக்கப் பாத்தீங்க. இங்க எப்பவும் உங்க சொல்தான் நிக்கணும்.

கோயமுத்தூர்க்காரி:
முறுக்கை விடுங்க. கிழக்கே எத்தனை தடவை போனீங்கன்னு கேட்டேன். ஆறு பதிவு போட்டாச்சு, இன்னும் சொல்லலை.

நெய்வேலிக்காரன்:
நாலு தடவை. மூணு தடவை மே மாசம், ஒரு தடவை அக்டோபர். நாலு தடவையும் எல்கோவில இருந்து மூன்றரை மணி நேரம்தான்.

கோயமுத்தூர்க்காரி:
மே மாசம்! அக்டோபர்! எல்லாரும் பாத்துக்கோங்க.

நெய்வேலிக்காரன்:
மாசம் எதுவானாலும் 230 மைல் 230 மைல்தான்.

ஹூஸ்டன்_தம்பி:
எல்லாருக்கும் நன்றி. அக்கா எழுதினதை என் மனைவிக்குப் படிச்சுக் காட்டினேன். பதில் சொல்லலை, எழுந்து பையன் கிட்ட போய் உக்காந்துட்டாள். கம்பெனியில பிப்ரவரி முதல் வாரம் சேரச் சொல்றாங்க. நான் முதல்ல தனியாப் போயிட்டு, ஸ்கூல் முடிஞ்சதும் ஜூன்ல கூட்டிக்கலாமான்னு யோசிக்கிறேன். அங்க வாடகைக்கு வீடு எப்படிங்க?

சாம்பியன்ரீப்:
தனியாப் போங்க தம்பி. வீடு மட்டும் வாங்கிடாதீங்க. வாடகையிலயே இருங்க.

கோயமுத்தூர்க்காரி:
பிப்ரவரியா? முதல்ல வண்டிக்கு ஸ்னோ டயர் மாத்துங்க. ஹூஸ்டன் டயரோட அந்தப் பக்கம் வராதீங்க. பின்னாடி போர்வை, தண்ணி, மண்வெட்டி வெச்சுக்கோங்க. வெல்ஸ்ல டேங்கை ரொப்பிக்கோங்க. சால்ட் லேக்ல எங்க நேரம் வாங்கினாலும் மத்தியானம் 2 மணிக்கு மேல கேளுங்க. நாலரை மணி நேரம், நாலரை.

நெய்வேலிக்காரன்:
தம்பி, நல்ல ஆல் சீசன் டயர் போதும். பதினோரு வருஷம் அதுலதான் ஓட்டினேன். மூன்றரை மணி நேரம்தான். வீடு விஷயமா தனியா மெசேஜ் பண்ணுங்க.

கோயமுத்தூர்க்காரி:
ரீனோ ரோட்டுல ஓட்டின டயருங்க அது. பீக்வாப் மேட்டுல இல்லை.