பிளாக் தண்டர், கோவை கொண்டாட்டம்: ரெண்டு நாள் போறோம், எங்கே எப்போ சாப்பிடறது?

திருப்பூர்_வடக்கு கேட்டது:

வணக்கமுங்க. மே மாசம் ஒரு சனி, ஞாயிறு கார்ல கிளம்பறோம். ஆறு பேர்: நாங்க ரெண்டு பேர், பையனுக்கு 10 வயசு, பொண்ணுக்கு 4, கூட மாமனார், மாமியார். சனிக்கிழமை அன்னூர் வழியா மேட்டுப்பாளையம் போய் பிளாக் தண்டர் தண்ணி பார்க். ராத்திரி கோயம்புத்தூர்ல தங்கல். ஞாயிறு சிறுவாணி ரோட்டுல கோவை கொண்டாட்டம் பார்க், பொழுதோட வீடு.

மாமனாருக்குச் சர்க்கரை, மாத்திரை போடறாரு. மாமியார் சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டாங்க. காலை டிபன் எங்கே முடிக்கலாம், மத்தியானம் பார்க் உள்ளேயே சாப்பிடலாமா, கட்டுச்சோறு கொண்டு போறது சரியா வருமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காரமடை_கருவேப்பிலை பதில்:

இடத்தை விட நேரத்தை முதல்ல முடிவு பண்ணுங்க. தண்ணி பார்க்ல சாப்பாட்டுத் திட்டம் கெட்டுப் போறது பெரும்பாலும் நேரம் தப்பறதாலதான்.

காலை டிபனை மேட்டுப்பாளையம் டவுன்லயே, பவானி பாலம் தாண்டறதுக்கு முன்னாடி முடிச்சிருங்க. மலை ரயில் காலை 7.10க்குக் கிளம்புது, ஊட்டி பஸ்சும் வெள்ளென ஓட ஆரம்பிச்சிரும். அதனால பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஓட்டல்கள்ல விடியக் காலையிலேயே இட்லி கிடைக்கும். மே மாசச் சனிக்கிழமைன்னா 9 மணிக்கு மேல ஊட்டி போற வண்டி டவுனை அடைச்சிரும். 8 மணிக்குள்ள இலையில உக்கார்ற மாதிரி திருப்பூர்ல கிளம்புங்க. இட்லி, பொங்கல், ஊத்தாப்பம் போதும். பூரியும் நெய் ரோஸ்ட்டும் அன்னைக்கு வேண்டாம். எண்ணெய்ச் சாப்பாடு வயித்துல நேரம் பிடிச்சு நிக்கும், மேல சுத்தற ரைடுல ஏறினா குழந்தைங்க வாந்தி எடுக்கலாம்.

மத்தியானத்துக்கு உள்ளேயே சாப்பிடறதுதான் நல்லது. சாப்பாட்டுக்குன்னு வெளிய வந்து ஈரத்துணி மாத்தி, டவுனுக்குப் போய்த் திரும்பினா ரெண்டு மணி நேரம் போயிரும். எல்லாரும் 1 மணிக்குத்தான் வரிசைக்கு வருவாங்க. நீங்க 12க்கு முன்னாடியே சாப்பிட்டிருங்க. அப்போ சோறும் சூடா இருக்கும், டேபிளும் கிடைக்கும். பெரியவங்களுக்குத் தயிர் சாதம், எலுமிச்சை சாதம் மாதிரி எடுத்துக்கங்க. மாமியாருக்கு பஜ்ஜி, சிப்ஸ் வாங்கறதா இருந்தா, சிக்கன் பொரிச்ச அதே எண்ணெயான்னு கேட்டுட்டு வாங்குங்க. பரோட்டா, ஃப்ரைடு ரைஸ் பையன் கேட்டாலும் பாதி பிளேட்டோட நிறுத்துங்க. சாப்பிட்டு ஒரு மணி நேரம் நிழல்ல உக்காருங்க. அதுக்கப்புறமும் முழங்கால் தண்ணியில இருந்து ஆரம்பிச்சு, கடைசியாத்தான் சுத்தற ரைடு.

பணத்தை லாக்கர்ல வெச்சுட்டு அப்புறம் ஈரத்தோட ஓடாதீங்க. சாப்பாட்டுக்கு மட்டும் ஆகற நோட்டைத் தண்ணி புகாத கழுத்துப் பையில போட்டு ஒருத்தர் வெச்சுக்கங்க.

கட்டுச்சோறு பதில்:

கட்டுச்சோறு நல்லதுதானுங்க, ஆனா ரெண்டு விஷயம் விசாரிக்கணும். வெளிச் சாப்பாடு பெரும்பாலான பார்க்ல உள்ளே விடமாட்டாங்க. கையில முத்திரை குத்தி வெளிய விட்டு மறுபடி உள்ளே சேர்ப்பாங்களான்னு டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி போன்ல கேளுங்க. 4 வயசுக் குழந்தைச் சாப்பாட்டுக்கும், பெரியவரோட மருந்துப் பைக்கும் தனியாக் கேளுங்க, அதை விடற இடம் உண்டு. திரும்ப விடமாட்டாங்கன்னா கட்டுச்சோறே வேண்டாம். மே மாச வெயில்ல நிக்கற கார் உள்ளே 50 டிகிரிக்கு மேல போகும். அதுல சாயங்காலம் வரைக்கும் எந்தச் சோறும் தாங்காது.

விடறாங்கன்னா புளிச்சோறு மட்டும். அரிசியும் பருப்பும் சாதம் நம்ம ஊர்க் கைமணம்தான், ஆனா பருப்பு, சின்ன வெங்காயம், தக்காளி எல்லாம் சேர்ந்ததால சீக்கிரம் ஊசிப் போகும். தேங்காய் அரைச்சு ஊத்தின எதுவும் வேண்டாம். தயிர் சாதம் வெயில்ல புளிச்சுப் பொங்கிரும்.

ஆறு பேருக்கு 600 கிராம் அரிசி, 100 கிராம் புளி, 150 மில்லி நல்லெண்ணெய். புளிக்காய்ச்சலை முதல் நாள் ராத்திரியே, எண்ணெய் மேல பிரிஞ்சு மிதக்கற வரைக்கும் சுண்ட வையுங்க. தண்ணிப் பதம் இருந்தா அங்கதான் கெடும். காலையில சோத்தை உதிரியா வடிச்சு, அகலத் தாம்பாளத்துல கொட்டி ஆற விட்டுக் கிளறுங்க. சூட்டோட டப்பாவுல அடைச்சா ஆவி மூடியில வேர்த்துச் சோத்து மேலயே சொட்டும், கெடறது அப்படித்தான் ஆரம்பிக்கும். அனல்ல வாட்டின வாழை இலையில பொட்டலம் கட்டுங்க. 5 மணிக்குக் கட்டினா 12 மணிக்குள்ள தின்னுரணும்.

கெட்ட சோத்தைச் சூடு பண்ணித் தின்னா ஆகாதான்னு சிலர் கேப்பாங்க. சோத்துல பெருகற பேசிலஸ் செரியஸ் கிருமி விடற நஞ்சு, திரும்பக் கொதிக்க வெச்சாலும் போகாது. சந்தேகம் வந்தா கொட்டிருங்க.

சின்னாத்தா பதில்:

மாமனாரைப் பத்தி. சில சர்க்கரை மாத்திரை போட்டுட்டுச் சாப்பாடு தள்ளிப் போச்சுன்னா ரத்தத்துல சர்க்கரை இறங்கிரும். தண்ணியில ஆடறதும் உடம்பு உழைப்புத்தான், அது இன்னும் இறக்கும். எந்த மாத்திரை, அன்னைக்கு எவ்வளவுன்னு முன்னாடியே டாக்டர்கிட்டக் கேட்டுக்கங்க. 11.30க்கு அவர் இலை முன்னாடி இருக்கணும், வரிசை எவ்வளவு நீளமா இருந்தாலும் சரி.

கை நடுக்கம், வேர்வை, தடுமாற்றம் வந்தா 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கக் குடுங்க. 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பாருங்க, சரியாகலைன்னா இன்னொரு தடவை. தேறினதும் ரெண்டு இட்லியாவது உள்ளே போகணும். அதனால சர்க்கரைப் பொட்டலம் லாக்கர்ல இருக்கக்கூடாது, கூட இருக்கறவங்க கையில இருக்கணும். இன்சுலின் போடறவரா இருந்தா அதைக் கார்ல விடாதீங்க, சூட்டுல வீரியம் போயிரும்.

குழந்தைங்களுக்குத் தண்ணியில இருக்கறப்போ தாகம் தெரியாது. அரை மணிக்கு ஒரு தடவை அரை டம்ளர் தண்ணி குடுங்க. ஓ.ஆர்.எஸ். கரைச்சா பாக்கெட்டுல போட்டிருக்கற அளவுத் தண்ணி முழுசா ஊத்துங்க: பெரிய 21 கிராம் பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர், சின்ன 4 கிராமுக்கு 200 மில்லி. கெட்டியாக் கரைச்சா வயித்தால போகறது அதிகமாகும்.

திருப்பூர்_வடக்கு:

ரொம்ப நன்றிங்க. இன்னொண்ணு. பார்க்ல சாப்பிடாம பவானி ஆத்தோரம், இல்லைன்னா கல்லாறு பக்கம் மரத்தடியில உக்காந்து சாப்பிடலாம்னு வீட்டுல சொல்றாங்க. சரியா வருமா?

காரமடை_கருவேப்பிலை:

ரெண்டும் வேண்டவே வேண்டாமுங்க. பவானியில மேலே பில்லூர் அணை இருக்குது. மின்சாரத்துக்காகத் தண்ணி விட்டா மழையே இல்லாத நாள்லயும் ஆறு திடீர்னு ஏறும். பாறை மேல இலை போட்டு உக்காந்தவங்களுக்குக் கரை சேர நேரம் இருக்காது. வருஷா வருஷம் உயிர் போற இடம் அது. கல்லாறு யானை வழித்தடம். சோத்து வாசம், வாழைப்பழத் தோல் எல்லாம் யானையை ரோட்டுக்கு இழுக்கும், குரங்கு பையோட பிடுங்கும்.

பார்க்கை விட்டு வெளிய வந்ததும் பசி கொல்லும். துணி மாத்தற இடத்துலயும் வரிசை நிக்கும். கார்ல வேர்க்கடலை மிட்டாய், வறுத்த கடலை, நேந்திரன் பழம் வெச்சிருங்க. அந்தப் பக்கத்துத் தோட்டத்துல விளையற பழம்தான், கனமா இருக்கும், ஒரு மணி நேரம் பசி தாங்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேட்டுப்பாளையத்துல நிறுத்தாதீங்க. ஊட்டியில இருந்து இறங்கற வண்டியெல்லாம் அந்நேரம் அங்கதான் நிக்கும். துடியலூர் தாண்டி கோயம்புத்தூர் உள்ளே வந்துருங்க. மாமியாருக்குச் சைவம் வேணும், சனிக்கிழமை வேற, அன்னபூர்ணா சைவ ஓட்டல்ல சாம்பார் இட்லியோட அன்னைக்கு முடிச்சுக்கங்க.

கட்டுச்சோறு:

ஞாயித்துக்கிழமைக்கு நான் சொல்றேன். காலையில கோயம்புத்தூர்லயே டிபன் முடிச்சிட்டு பேரூர் வழியாப் போங்க. பட்டீசுவரர் கோயிலைப் பாக்கணும்னா காலையிலேயே பாத்துருங்க, மத்தியானம் நடை சாத்திருவாங்க. பார்க்ல மத்தியானத்துக்கு நேத்து மாதிரியே 12க்கு முன்னாடி லேசா.

கொங்கு மெஸ்ல இலைச் சாப்பாடு மத்தியானம்தான் களைகட்டும், 3 மணிக்குக் குடல் கறி, தலைக்கறி எல்லாம் தீர்ந்திரும். அதுக்காக டிக்கெட் காசை விட்டுட்டு வெளிய ஓடாதீங்க. ராத்திரி 7 மணிக்குள்ள மெஸ்ல உக்காந்தா தோசை, இடியாப்பத்தோட நாட்டுக்கோழிக் குழம்பு கிடைக்கும். பள்ளிபாளையம் சிக்கன் வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, எண்ணெய் இதுல வேகறது. பொண்ணுக்கு அந்தக் காரம் ஆகாது. பையன் கலக்கி கேப்பான். அது முழுசா வேகாத முட்டை, நாள் பூரா வெயில்லயும் தண்ணியிலயும் கிடந்த வயித்துக்கு வேண்டாம். நல்லா வெந்த ஆம்லெட்டாச் சொல்லுங்க. ரோட்டோரக் காளான் கடையில நிறுத்தினா, தள்ளுவண்டியில நேரமாப் பொரிச்சுக் குவிச்சு வெச்சதை வேண்டாம்னு சொல்லி, கண்ணு முன்னாடி பொரிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. பாதிக்கு மேல முட்டைக்கோசும் மைதாவும்தான், அதனால ரெண்டு பிளேட் வாங்கி ஆறு பேர் பிரிச்சுக்கறது போதும்.