புது கார்ட் நம்பர் கம்பனிக்கு எப்படிப் போச்சு? மாதக் கழிவு (கார்டில இருந்து தானா காசு எடுக்கிறது) நிக்கல்ல

வாவிக்கரை (கல்லடி)

டெபிட் கார்ட் தொலைஞ்சதால வங்கியில பழையதை முடக்கி, வேற நம்பரோட புதுசு எடுத்தாச்சு. புது நம்பரை எந்த ஒன்லைன் தளத்திலயும் போடல்ல. ஆனா போட்டோ எடிட்டிங் மென்பொருள் ஒண்டுக்கு மாதாமாதம் டொலரில போற காசு, வழமையான திகதியில புது கார்டில இருந்து போயிருக்கு. ஓடிபியும் வரல்ல. இன்டர்நெட் பில்லுக்குப் போட்ட கழிவு மட்டும் கார்ட் செல்லாது எண்டு நிண்டுட்டு. கிளையில கேட்டா கொழும்பு கார்ட் பிரிவுக்கு கோல் எடுக்கச் சொல்றாங்க.

வங்கிதான் நம்பரைக் குடுத்ததா? மென்பொருளை எப்படி நிப்பாட்டுறது? போன காசு திரும்ப வருமா?

ஓந்தாச்சிமடம்

வங்கி குடுத்ததுதான், ஆனா கம்பனிக்கு நேரா இல்ல. நடுவில விசா, மாஸ்டர்கார்ட் இருக்கு. விசாவில இந்த சேவைக்குப் பேர் அக்கவுண்ட் அப்டேட்டர். மாஸ்டர்கார்டில ஓட்டோமேட்டிக் பில்லிங் அப்டேட்டர். கார்ட் மாறினதும் பழைய நம்பர், புது நம்பர், புது காலாவதித் திகதி மூண்டையும் வங்கி அங்க ஏத்தும். கம்பனி அடுத்த கழிவுக்கு முதல் தன்ட வங்கி ஊடாக, "இந்த நம்பர் இன்னும் சரியா?" எண்டு கேட்டுப் பார்க்கும். புது நம்பர் வரலாம், புது திகதி மட்டும் வரலாம், கணக்கு மூடியாச்சு எண்டும் வரலாம். பின்பக்கத்து மூண்டு இலக்கம் இதில போறதில்ல, தேவையும் இல்ல.

இரண்டாவது வழி டோக்கன். நிறையப் பெரிய கம்பனிகள் இப்ப உங்கட 16 இலக்கத்தை வைச்சிருக்கிறதே இல்ல. விசா/மாஸ்டர்கார்ட் குடுத்த மாற்று இலக்கம் ஒண்டுதான் அவங்களிட்ட இருக்கும். கார்ட் மாறினா அந்த டோக்கன் அப்படியே புது கார்டோட இணைக்கப்படும். கம்பனி எதையும் மாத்த வேண்டியதில்ல.

ஓடிபி முதல் தடவை கார்டைச் சேமிக்கிற நேரம்தான். அதுக்குப் பிறகு போறதெல்லாம், நீங்க திரைக்கு முன்னால இல்லாம, முன்னம் குடுத்த சம்மதத்தை வைச்சு கம்பனி தொடங்குற கழிவு.

இன்டர்நெட் பில் நிண்டதுக்குக் காரணம், அப்டேட்டரில ரெண்டு பக்கமும் சேர்ந்திருக்க வேணும். உங்கட வங்கி சேர்ந்திருக்கு, பில் எடுக்கிற பக்கம் சேரல்ல. ஒரே கார்டில ஒண்டு ஓடும், ஒண்டு விழும். அதை நீங்கதான் போய்ப் புது நம்பர் போட வேணும்.

கல்முனைக்குடி

நிப்பாட்டுற ஒழுங்கு முக்கியம். ஆக்கள் முதல்ல வங்கிக்குத்தான் ஓடுறாங்க. அது பிழை. முதல்ல கம்பனியில ரத்து செய்யுங்க.

கணக்குக்குள்ள போய் ரத்து செய்து, "இத்தனையாம் திகதியோட முடியுது" எண்டு வாற திரையைப் படம் எடுங்க, உறுதிப்படுத்தல் ஈமெயிலையும் அழிக்காம வைங்க. போனில அப் ஊடாக எடுத்த சந்தா எண்டா கம்பனித் தளத்தில தேடி வேலையில்ல. கூகுள் பிளேயில உங்கட படத்தைத் தட்டி, பேமென்ட்ஸ் அன்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், பிறகு சப்ஸ்கிரிப்ஷன்ஸ். ஐபோனில செட்டிங்ஸ், உங்கட பேர், சப்ஸ்கிரிப்ஷன்ஸ். புதுப்பிக்கிற நேரத்துக்கு 24 மணித்தியாலத்துக்கு முதலே செய்ய வேணும். அப்பை போனில இருந்து அழிச்சா சந்தா நிக்காது, இதைத்தான் அதிகம் பேர் விடுறாங்க.

திட்டத்தின்ட பேரையும் பாருங்க. ஒரு வருட ஒப்பந்தத்தை மாதம் மாதம் கட்டுற மாதிரி சில மென்பொருள்காரர் விக்கிறாங்க. இடையில விட்டா மீதிக் காலத்துக்கு ஒரு பங்கு கேட்பாங்க. வங்கியில காசை மறிச்சா அந்த ஒப்பந்தம் முறியாது.

வாவிக்கரை (கல்லடி)

விளங்குது, நன்றி. யூடியூப்பில தமிழ் வீடியோக்களில, வங்கி அப்புக்குள்ளயே எல்லாத் தானியங்கிக் கழிவும் பட்டியலா வருது, அங்கயே நிப்பாட்டலாம் எண்டு காட்டுறாங்க. என்ட அப்பில அப்படி ஒண்டும் இல்லயே? ரத்து செய்த பிறகும் எடுத்தா என்ன செய்ற?

திருக்கோவில் வடக்கு

அது இந்திய வீடியோ. ரிசர்வ் வங்கியின் விதி 2021 ஒக்டோபரில் இருந்து அங்கே நடைமுறையில் இருக்கிறது: கழிவுக்கு 24 மணித்தியாலத்துக்கு முதல் அறிவித்தல், 15,000 இந்திய ரூபாய்க்கு மேல் போனால் பெரும்பாலானவற்றுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி. அதை இங்குள்ள கார்டில் தேடவேண்டாம்.

இங்கே கார்ட் பிரிவுக்கு எழுதத்தான் வேண்டும். தொலைபேசியில் சொன்னது பதிவில் நிற்காமல் போகலாம், ஈமெயில் அனுப்புங்கள். இரண்டு விடயம் கேளுங்கள். ஒன்று, அந்தக் கம்பனிக்கு மட்டும் ஸ்டொப் பேமென்ட், அதாவது அது எடுக்கிற காசை வங்கி மறிப்பது. விசா, மாஸ்டர்கார்ட் இரண்டிலும் இந்த வசதி உண்டு, உங்கள் வங்கி அதைப் பாவிக்கிறதா என்பதுதான் கேள்வி. வங்கிக் கணக்குக் கூற்றில் இருக்கிற கம்பனிப் பெயரை எழுத்து மாறாமல், தொகையோடும் திகதியோடும் கொடுங்கள். சில கம்பனிகள் மாதத்துக்கு மாதம் வேறு பெயரில் விழும், அப்போது தடுப்புத் தப்பிவிடும். மற்றது, அப்டேட்டரில் இருந்து உங்கள் கார்டை விலக்கச் சொல்வது. அப்டேட்டர் என்று சொன்னால் கிளையில் விளங்காமல் போகலாம், கார்ட் பிரிவுக்கு விளங்கும். ஆனால் டோக்கன் இதோடு நிற்காது, அதை நீக்கும்படி தனியாக எழுதுங்கள்.

ரத்து செய்த பிறகும் எடுத்தால் மறுப்புக் கோரிக்கை போடலாம், அதாவது அந்தக் கழிவை மறுத்துக் காசைத் திருப்பித் தரும்படி வங்கியிடம் கேட்பது. விசாவில் 13.2 என்ற வகை, ரத்து செய்யப்பட்ட தொடர் கழிவு. கழிவு பதிவான நாளில் இருந்து 120 நாள் அவகாசம் உண்டு, வங்கிகள் தங்கள் படிவத்தில் அதைவிடக் குறைவாகக் கேட்கும், அதனால் கூற்று வந்த கிழமையே போடுங்கள். இன்னும் நிலுவையில் காட்டுகிற தொகைக்குப் போட முடியாது, பதிவாகும் வரை பொறுக்க வேண்டும். இணைக்க வேண்டியது கல்முனைக்குடி சொன்ன, திரையை எடுத்த படமும் ஈமெயிலும்தான்.

போன மாதக் காசுக்கு இது பொருந்தாது. அன்றைக்கு நீங்கள் ரத்து செய்திருக்கவில்லை, சந்தா உயிரோடுதான் இருந்தது. கம்பனியிடமே கேட்டுப் பாருங்கள், பாவிக்காத மாதம் என்றால் சிலர் தருவார்கள். "நான் செய்யாத கழிவு" என்று வங்கியில் எழுதவேண்டாம். பழைய சம்மதத்தைக் கம்பனி காட்டினால் கோரிக்கை விழும். அதற்குள் மோசடி என்று கார்டை முடக்கி இன்னொரு நம்பர் தருவார்கள், அந்த நம்பரும் அப்டேட்டரில் ஏறும்.

வங்கி எழுத்துக்குப் பதில் தராவிட்டால் அல்லது பதில் சரியில்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி இலக்கம் 1935. முதலில் வங்கிக்கு எழுதியதா என்று கேட்பார்கள்.

கல்முனைக்குடி

ஒண்டு மட்டும் ஒத்துக்கமாட்டேன். அப்டேட்டரில இருந்து முழுசா விலகினா, நீங்க விரும்புற சந்தாவும் அடுத்த முறை கார்ட் மாறேக்க விழும். டொமைன், கிளவுட் சேமிப்பு மாதிரி விழுந்தா இழப்பு வாற சாமான் இருந்தா விலகாதீங்க, கம்பனியை மட்டும் தடுங்க.

டொலர் சந்தாக்களுக்கு வேற ஒரு டெபிட் கணக்கு வைச்சு, தேவையான காசை மட்டும் அதில விடுறது நல்லம். ஆனா காசு இல்லாட்டி கம்பனி ஒரு தரத்தோட விடாது. விசாவில மறுத்த கழிவை 30 நாளுக்குள்ள 15 தரம் வரைக்கும் திரும்ப முயற்சி செய்ய விதி இடம் குடுக்குது. அந்தக் கணக்கில காசு விழுந்த நாளில எடுத்துடுவான்.

ஓந்தாச்சிமடம்

வங்கி அப்பில வெளிநாட்டு ஒன்லைன் கழிவை மூடுற சுவிட்ச் இருந்தா, ஈமெயிலுக்குப் பதில் வரும்வரைக்கும் அதை மூடி வைங்க. டொலரில போற மற்ற எல்லாமும் அதோட நிக்கும், அதனால அடுத்த கழிவுத் திகதிக்கு முதல் நாள் மூடினாப் போதும்.