தமிழ் எழுத்தில் குறித்த மீட்புச் சொற்கள்: எனக்குப் பின் என் மனைவியால் ஹார்டுவேர் வாலட்டைத் திறக்க முடியுமா?

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கம். எனக்கு வயது 61, கோவையில் வசிக்கிறேன். 2019 முதல் 2021 வரை சிறுகச் சிறுக வாங்கிய பிட்காயினை ஒரு லெட்ஜர் கருவியில் (பிட்காயினின் ரகசியச் சாவியை இணையத்துக்கு வெளியே காக்கும் ஹார்டுவேர் வாலட்) வைத்திருக்கிறேன். சென்ற மாதம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுப் பத்திரம், வங்கி வைப்பு, எல்ஐசி பாலிசி என எல்லாவற்றையும் அறிந்த என் மனைவி, இந்தக் கருவியை மட்டும் ஏதோ பழைய பென்டிரைவ் என்றே நினைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவருக்குத் தமிழ் மட்டுமே சரளமாக வாசிக்கத் தெரியும். எனவே, வீடு திரும்பியதும், கருவி போனாலும் பணத்தை மீட்க உதவும் 24 ஆங்கில மீட்புச் சொற்களையும் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்துவிட்டு, இரண்டு பிரதிகள் இருப்பது ஆபத்து என்று கருதி ஆங்கில அட்டையை எரித்துவிட்டேன். இவை தவிர, இச்சொற்களோடு சேர்த்து உள்ளிட வேண்டிய கூடுதல் ரகசியச் சொல்லான பாஸ்பிரேஸ் ஒன்றும் உண்டு. அது என் மனத்தில் மட்டுமே இருக்கிறது. இந்த ஏற்பாடு போதுமா? சொற்களை உயிலிலேயே எழுதிவிடலாமா? அல்லது மகனிடம் 12, மகளிடம் 12 என்று பிரித்துக் கொடுக்கலாமா?

வைகைவடகரை

ஐயா, முதலில் ஒரு வேண்டுகோள்: கருவியை எக்காரணம் கொண்டும் ரீசெட் செய்யாதீர்கள். கருவியைத் திறக்கும் பின் (PIN) எண்ணை மூன்று முறை தவறாக அழுத்தினால் லெட்ஜர் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் என்பதால், வீட்டில் யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு அந்தக் கருவி ஒன்றே உங்களுடைய நம்பகமான பிரதி.

காரணம் உங்கள் நோட்டுதான். மீட்புச் சொற்கள் யாவும் 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருபவை. அவற்றில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது என்பதால், ஆங்கிலத்தில் நான்கு எழுத்து தெளிவாக இருந்தாலே போதும். தமிழில் எழுதும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. நோட்டில் "கோஸ்ட்" என்று இருந்தால் அது கடலோரமா, பேயா? இரண்டுமே பட்டியலில் உள்ளன. "பாஸ்" என்பது முதலாளியா, தேர்ச்சியா? அவையும் இரண்டும் உள்ளன. ஆங்கில k, g ஒலிகள் இரண்டுக்கும், p, b ஒலிகள் இரண்டுக்கும் ஒரே எழுத்தை வைத்திருக்கும் நம் மொழியின் சிக்கனம் இந்த ஓரிடத்தில் மட்டும் நமக்கு எதிராக நிற்கிறது.

தீர்வு உண்டு. லெட்ஜரில் "ரெகவரி செக்" என்றொரு செயலி இருக்கிறது. அதை நிறுவி 24 சொற்களையும் கருவியிலேயே உள்ளிட்டால், உள்ளே இருப்பதோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்று சொல்லும். பணத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஐயத்துக்குரிய சொற்கள் மூன்று என்றால் எட்டு வகையாக முயன்று பார்க்க வேண்டியிருக்கும். கணினியிலோ கைப்பேசியிலோ அச்சொற்களைத் தட்டச்சு செய்யவே கூடாது. எந்த வகையிலும் பொருந்தவில்லை என்றால், கருவி இயங்கும்போதே இரண்டாவது கருவி ஒன்றில் புதிய சொற்களை உருவாக்கி, பிட்காயின் முழுவதையும் அங்கே மாற்றிவிடுங்கள்.

ஈரோட்டு வழக்கறிஞர்

உயிலில் சொற்களை எழுதாதீர்கள். பதிவு செய்த உயிலின் நகலை, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ மட்டுமே பெற முடியும். அவர் காலமான பிறகு விண்ணப்பிக்கும் எவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறலாம். அதாவது உங்கள் சொற்கள் ஊருக்கே பொதுவாகிவிடும்.

உயிலில் இருக்க வேண்டியது, ஹார்டுவேர் வாலட்டில் உள்ள கிரிப்டோ சொத்து இன்னாருக்குச் சேரும் என்ற வாசகமும், அதற்கான வழிகாட்டுக் கடிதம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் மட்டுமே. சாட்சிகள் இருவர் கையெழுத்திட வேண்டும், பதிவு கட்டாயமில்லை. கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியிருக்கிறது. ஆகவே உயிலில் அதைச் சேர்ப்பதில் தயக்கம் வேண்டாம். உயில் இல்லாவிட்டால், நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர் எனில், மனைவி, மகன், மகள் ஆகியோருக்கும், உங்கள் தாயார் இருந்தால் அவருக்கும் சம பங்கு போகும்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். உயில் வழியாகப் பெறுவதற்கு வருமான வரி இல்லை. ஆனால், வாரிசுகள் விற்கும்போது லாபத்தில் 30 சதவீத வரியும், அதன்மேல் செஸ் எனும் கூடுதல் வரியும் உண்டு. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது என்பதால், நீங்கள் வாங்கிய ரசீதுகளை அச்செடுத்துப் பத்திரங்களோடு வையுங்கள். அவற்றைப் பெரும்பாலானோர் தேடுவதே தேவைப்படும் நாளில்தான்.

நொய்யல்கரை

இருவருக்கும் நன்றி. நோட்டைப் பார்த்தேன், "கோஸ்ட்" இருக்கிறது, "பாஸ்" இருக்கிறது, இன்னும் ஒன்றும் ஐயமாக இருக்கிறது. பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரிப்பது குறித்து எதுவும் சொல்லவில்லையே?

வைகைவடகரை

வேண்டாம் ஐயா. இரண்டு பாதிகளில் ஒன்றைக் கரையான் அரித்தாலும், வீடு மாறும்போது ஒன்று தொலைந்தாலும், மற்றொரு பாதியால் பயனில்லை. மூன்று பங்குகளில் ஏதேனும் இரண்டு இருந்தால் போதும் என்ற ஷமீர் முறையும், மூன்று சாவிகளில் இரண்டு கையெழுத்திடும் மல்டிசிக் முறையும் உள்ளன. ஆனால் மல்டிசிக்கில் சாவிகளோடு வாலட்டின் அமைப்பு விவரத்தையும் தனியே காப்பாற்ற வேண்டும். துக்க வீட்டில் அமர்ந்து அதையெல்லாம் புரிந்துகொள்ளும் நிலையில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து.

உங்களிடம் ஏற்கெனவே பாஸ்பிரேஸ் இருக்கிறது. 24 சொற்களையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எஃகுத் தகட்டில் பொறித்து, மனைவி பெயரும் சேர்ந்த வங்கி லாக்கரில் வையுங்கள். பாஸ்பிரேஸை ஒட்டிய உறையில் மகளிடம் கொடுங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பணத்தை எடுக்க முடியாது. பாஸ்பிரேஸில் ஓர் எழுத்து மாறினாலும் "தவறு" என்ற அறிவிப்பு வராது. அதற்குப் பதிலாக முற்றிலும் வேறொரு காலி வாலட் திறக்கும். எனவே நீங்கள் இருக்கும்போதே அவர்களை ஒருமுறை செய்துபார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள்.

நொய்யல்கரை (மூன்று வாரங்களுக்குப் பின்)

ஐந்தாவது முயற்சியில் சொற்கள் பொருந்தின. "கோஸ்ட்" கடலோரம்தான், பேய் என்று நான் சத்தியம் செய்திருப்பேன்.

பிறகு புதிதாக வாங்கிய இரண்டாவது கருவியில் மனைவியும் மகளும் சேர்ந்து மீட்டெடுத்துப் பார்த்தார்கள். நீங்கள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நான் அமைதியாக இருந்தேன். எழுபது நிமிடங்கள் ஆயின. கடைசியில் திரையில் பூஜ்யம் வந்தது; என் மனைவி முகம் வெளுத்து, "என்னங்க, ஒண்ணுமே இல்லீங்களே?" என்றார். மகள் பாஸ்பிரேஸின் முதல் எழுத்தைச் சிறிய எழுத்தாக உள்ளிட்டிருந்தாள். திருத்தியதும் இருப்பு முழுவதும் தெரிந்தது.

இப்போது உறையின் மேல் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. நடுவில் இடைவெளி கிடையாது. பூஜ்யம் என்று காட்டினால் பயப்படாமல் மறுபடியும் உள்ளிடவும்."